நேர்த்திக்கு ஒரு லைசென்ஸ்

ஜெர்மனிக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை றெஜினா யோசிக்காமல் மாதாவிடம் வாயை விட்டுவிட்டாள். அந்த வினைக்குத்தான் போனேன்.

அவளுடைய புருஷன் அன்ரன் ஒரு நாள் காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், அப்படியே சரிந்து விழுந்தான். பக்கவாதம். டோர்ட்மண்ட் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு இவள் நேர்ந்திருக்கிறாள்: அன்ரன் எழும்பி நடந்தால், அவனுடைய மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு கெவெலாருக்கு வந்து மாதாவின் காலடியில் ஹெல்மெட்டை வைப்பாளாம். கெவெலார் ஒல்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். ஜெர்மனியில் இருக்கிற எங்கள் ஆட்கள், வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல், ஆவணி மாதம் பஸ் பிடித்துப் போகிற மாதா கோயில் அங்கேதான். மற்றவர்கள் மெழுகுதிரி நேருவார்கள், மொட்டை நேருவார்கள். இவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓடவும் தெரியாது, அதற்கு லைசென்ஸும் இல்லை.

இரண்டு தரம் சோதனைக்குப் போய் இரண்டு தரமும் கோட்டை விட்டுவிட்டாள். மூன்றாவது தரத்துக்கு முன் போனில் அழுதாள். நான் யாழ்ப்பாணத்தில் லேர்னர்ஸ் என்கிற ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றில் பெண்களுக்கு ஸ்கூட்டி பழக்குகிறவள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற ரீச்சர்மாரையே ட்ரயல் பாஸ் பண்ண வைத்திருக்கிறேன், சொந்தத் தங்கச்சியை விடுவேனா என்று வெளிக்கிட்டேன்.

பிராங்பேர்ட்டில் இறங்கி ஏறிய ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று ஊரில் எனக்குச் சொன்னவர்கள் எல்லாரையும் அந்தப் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எல்லாரும் ஒரு பெருமூச்சோடு எழும்பிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஊர் பஸ் நின்றால் கண்டக்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். இங்கே ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மழைக்குள் மேடையில் நின்றபோது ஒரு கிழவி தன் பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தாள். கல்லுப் போன்ற கறுத்தப் பாண். பசிக்கு நன்றாகத்தான் இருந்தது.

றெஜினா ஸ்டேசனுக்கு வந்திருந்தாள். நன்றாக மெலிந்துபோயிருந்தாள். வீட்டில் அன்ரன் சில்லு நாற்காலியில் சேட்டெல்லாம் போட்டுத் தலைமயிர் வாரி இழுத்து எனக்காகக் காத்திருந்தான். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இந்த நாட்டில் வந்து படித்து, பாஸ் எடுத்து, தொழிற்சாலையில் அதிகாரிகளோடு சண்டை பிடித்த ஜெர்மன் ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விட்டதாம். தமிழில்தான் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. "ஓம்" வரும். "ஏலாது" வரும். சில வேளை வேறு ஏதும் தானாய் வரும், கூப்பிட்டால் வராது.

றெஜினா புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். அன்ரன் சாப்பிட மறுத்தான். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது: வலக்கை செத்துப்போனதால் இடக்கையால் சாப்பிட வேண்டும், மச்சாளுக்கு முன்னால் பீச்சாங்கையால் சாப்பிட அவனுக்கு வெட்கம். நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி இருந்து மழையைப் பார்த்தேன். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அடுத்த நாள் காலை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை ஒருத்தி வந்தாள். படங்கள் அச்சடித்த அட்டைகளை ஒவ்வொன்றாய்க் காட்டினாள். அப்பிள் பழத்தைக் காட்ட அன்ரன் வலு கஷ்டப்பட்டு "தோடம்பழம்" என்று ஆரஞ்சின் பெயரைச் சொன்னான். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை சரியா என்று றெஜினாவைப் பார்த்தாள். இவள் சரி என்று சொல்லிவிட்டாள். ஏனடி பொய் சொன்னாய் என்று குசினிக்குள் கேட்டேன். பாவம், ஏதோ ஒரு பழமாவது வாயில் வந்ததே என்றாள்.

அங்கேதான் நேர்த்திக் கதையை எடுத்தேன். அவன் இன்னும் எழும்பவில்லை, எழும்பினால்தானே நீ போக வேண்டும், அதோடு பங்குச் சுவாமியாரே இதை வேறு நேர்த்தியாய் மாற்றித் தருகிறேன் என்றாராமே, பிறகு உனக்கென்ன விசரா என்று கேட்டேன். றெஜினா வெங்காயத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "டொக்டர் சொல்லிப்போட்டார் அக்கா, இந்த வருசத்துக்குள்ள வாறதுதான் வருமாம். நான் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. முதல்ல என்ரை பக்கத்தை நான் செய்யிறன். பிறகு அவ தன்ரை பக்கத்தைச் செய்யட்டும்."

மாதாவோடு இவள் வியாபாரம் பேசுகிறாள். ஆனால் அவள் எதற்காக அந்தப்பாடு படுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாய் விளங்கியது.

இந்த நாட்டில் புதிதாய் ஓடப் பழகுகிற இளசுகளைப் பெரிய வண்டியில் ஏற விடமாட்டார்கள். நாற்பத்தெட்டு குதிரைச் சக்திக்குள் இருக்க வேண்டும். இரண்டு வருடம் அதை ஓடிக் காட்டி, இன்னொரு சோதனை பாஸ் பண்ணினால்தான் பெரியது. றெஜினாவின் வயதுக்கு நேரே பெரியதற்கே போகலாம். அப்படித்தான் முதல் இரண்டு தரமும் போனாள். அவளுடைய உயரத்துக்கு அந்த வண்டியில் கால் நிலத்தில் முட்டாது. நிறுத்தும்போது இரண்டு தரமும் வண்டியோடு சரிந்தாள். அதனால் பழக்குகிற ஊவே என்ற மனுசன் அவளைச் சின்ன வகுப்புக்கு இறக்கிவிட்டிருந்தார்.

அதில் ஒரு சிக்கல். அன்ரனின் மோட்டார் சைக்கிளுக்குச் சக்தி கூட. சின்ன லைசென்ஸோடு அதை ஓட வேண்டுமானால் எஞ்சின் மூச்சை அடக்கி ஒரு பூட்டுப் போட வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ட்றொசல். வண்டிகளைப் பரிசோதிக்கிற இடத்தில் பார்த்து வண்டிப் பத்திரத்திலும் ஏற்ற வேண்டும். அதற்கு வண்டிச் சொந்தக்காரன் அன்ரனின் கையெழுத்து வேண்டும்.

ட்றொசல் என்றால் என்ன என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். றெஜினா கொஞ்சம் யோசித்தாள். ஆளின் கழுத்தை நெரிக்கிறதுக்கும் இந்தச் சொல்லில் இருந்துதான் சொல்லுவார்கள் என்றாள். அன்ரன் கேட்டுக்கொண்டிருந்தான். ஜெர்மன் எல்லாம் மறந்தவனுக்கு, அவள் தமிழில் சொன்னதும் அந்தச் சொல் விளங்கிவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு இடக்கையால் தன் தொண்டையைப் பிடித்தான். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து "ஏலாது" என்றான். றெஜினா கோப்பைகளை அள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய பழக்கத்துக்கு நானும் போனேன். எங்கள் ஊரில் நான் பின்னால் ஓடி ஓடிக் கத்துவேன். இங்கே பழகுகிறவர் முன்னால் மோட்டார் சைக்கிளில் போக, பழக்குகிறவர் பின்னால் காரில் வருவார். ஹெல்மெட்டுக்குள் சின்ன ஒலிபெருக்கி. ஊவே மைக்கில் சொல்லுவதெல்லாம் அவள் காதில் விழும். அவள் சொல்லுவது ஒருத்தருக்கும் கேட்காது. ஊவே பெரிய தொந்தி வைத்த மனுசன். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். நானும் இதே தொழில் என்றதும் காரின் பின் சீற்றைத் துடைத்துவிட்டார்.

றெஜினா நன்றாகத்தான் ஓடினாள். சும்மா சொல்லக்கூடாது. கூம்புகளுக்கு இடையில் நெளிந்து எடுத்தாள், சடுதியில் பிறேக் அடித்து நேராய் நின்றாள். ஆனால் றோட்டில் திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் ஊவே பல்லைக் கடித்தார். திரும்ப முன் தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் அதுதான் வேதம். நாங்கள் ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். றெஜினா தலையைத் திருப்பத் தொடங்குவாள், அரைவாசியில் தலை இரண்டு பக்கமும் ஆடும், பிறகு நேரே பார்த்துப் போய்விடுவாள். பின்னுக்குப் பார்க்கவில்லை என்று சோதனையில் எழுதிவிடுவார்கள். அவளுக்குக் கழுத்தில் ஏதும் வருத்தமா என்று ஊவே என்னிடம் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் ஓம் சொல்லுகிறாள். இந்த மனுசன் காதுக்குள் "வலப்பக்கம் திரும்பு" என்று சொல்ல, இவள் மரியாதையாய் ஓம் ஐயா என்று தலையை ஆட்டிக்கொண்டு போகிறாள். தலையாட்டிய கையோடு பார்க்க வேண்டியது மறந்து போகிறது. இத்தனை மாதமாய் இவர்களுக்கு விளங்கவில்லை. ஊவேயிடம் சொல்லி விளங்கப்படுத்தப் பொறுமையில்லாமல் எட்டி மைக்கைப் பிடித்தேன்.

"றெஜி, ஓம் சொல்லாதை. தலையை ஆட்டாதை. திரும்பிப் பார்."

மோட்டார் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி ஓரத்தில் போய் நின்றது. ஊவே என் கையிலிருந்து மைக்கைப் பறித்தார். அவருக்கு வந்த கோபம் நியாயம், நானாயிருந்தால் அறைந்திருப்பேன். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். றெஜினா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள், முகம் வெளிறிப்போயிருந்தது.

"மாதா தமிழ் கதைக்கிறா எண்டு நினைச்சிட்டன் அக்கா."

சிரிக்கத்தான் வேண்டும். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் தொடங்கி அவளைச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஹெல்மெட்டோடு இருத்தினேன். நான் பின்னால் நின்று இடம், வலம் என்று சொல்லுவேன். வாயால் ஓம் என்று சொல்லலாம், தலை மட்டும் ஆடக்கூடாது, தோளுக்கு மேலால் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கையைத் திருப்ப வேண்டும். ஆட்டினால் ஹெல்மெட்டில் அகப்பைக்காம்பால் ஒரு தட்டு. அன்ரன் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு பக்க வாயால் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன் என்றாள் றெஜினா.

சோதனை அன்று நல்ல மழை. பரிசோதகர் ஒரு பெண். அவவும் ஊவேயும் காரில் ஏற, றெஜினா முன்னால் போய்விட்டாள். நான் பக்கத்துக் கடையில் நின்றேன். கறி என்று பெயர் போட்டு ஒரு சாப்பாடு விற்றார்கள். நம்பி வாங்கினேன். பொரித்த இறைச்சியை வெட்டித் தக்காளிச் சோஸ் ஊற்றி, மேலே கொஞ்சம் மஞ்சள் தூளைத் தூவித் தந்தார்கள். இதுக்குக் கறி என்று பெயர் வைத்தவனைக் கண்டால் கேட்க வேண்டும். பக்கத்தில் நின்ற இரண்டு பெடியள் சோதனையைப் பற்றிக் கதைத்தார்கள், ஒருத்தன் ஆங்கிலம் கலந்து பேசியதில் எனக்கும் கொஞ்சம் விளங்கியது. எவ்வளவு முறுக்கினாலும் போகாத வண்டியை இரண்டு வருடம் ஓடுவதற்குச் சைக்கிளே ஓடலாம் என்றான். அவனுக்கு இரண்டு வருடம் பெரிய விசயமில்லை, எங்களுக்கு இந்த ஒரு வருடம்தான் இருந்தது.

றெஜினா திரும்பி வந்து வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினாள். பரிசோதகர் மழைக்குள் நின்று நெடுநேரம் ஏதோ சொன்னா. இவள் தலையை ஆட்டாமல் நின்றாள். கடைசியில் அந்தப் பெண் லைசென்ஸ் மட்டையை எடுத்து நீட்டினா. றெஜினா என்னிடம் வந்து "பாஸ்" என்றாள், அவ்வளவுதான். ஈரச் சுவரில் குந்திக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். ஊவே வந்து என் கையைக் குலுக்கினார். இனிமேல் மைக்கைத் தொடாதே என்றார்.

வீட்டில் அன்ரனிடம் மட்டையைக் கொடுத்தாள். அவன் தடவிப் பார்த்தான். எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பார்த்தான், மேசையில் வைத்தான். ட்றொசல் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவள் பேனையை இடக்கையில் வைக்க, அவன் பேனையை விட்டுவிட்டான். "ஏலாது." அடுத்த நாளும் அதுதான். அதற்கடுத்த நாளும் அதுதான். றெஜினா கெஞ்சினாள், அழுதாள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். வாய் போனாலும் பிடிவாதம் போகாது போலிருக்கிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

ஞாயிறு அவள் பூசைக்குப் போன நேரம் நான் அன்ரனை லிப்டில் இறக்கிக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கதவைத் தூக்கினேன். போர்வையை எடுத்ததும் மோட்டார் சைக்கிள் கறுப்பாய், துடைத்த மாதிரியே நின்றது. நேரே கேட்டேன். விற்போமா? ஏலாது. இப்படியே ஓடி அவள் பொலிசில் அம்பிடட்டுமா? ஏலாது. அப்ப என்னதான் செய்ய, நீயே சொல் என்று கத்திவிட்டேன். கத்தின பிறகு வெட்கமாய்ப் போய்விட்டது.

அன்ரன் சாவியைக் காட்டினான். பிறகு என்னைக் காட்டினான். நான் ஏறி இருந்தேன். ஸ்கூட்டி பழக்குகிறவளுக்கு அது பெரிய மாடு. கால் விரல் நுனிதான் முட்டியது. ஸ்ராட் பண்ணினேன். அவன் கையை மேலே தூக்கினான், இன்னும் என்று. முறுக்கினேன். இன்னும். முறுக்கினேன். கராஜின் தகரம் எல்லாம் அதிர்ந்தது. என் நெஞ்சும் அதிர்ந்தது. அன்ரன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். செத்த வலக்கையை இடக்கையால் தூக்கி மடியில் வைத்திருந்தான். அது முறுக்குகிற கை. கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

மாடியிலிருந்து ஒரு கிழவர் ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டார். ஒரு சொல்தான் விளங்கியது, ஞாயிற்றுக்கிழமை என்பது. இந்த நாட்டில் ஞாயிறு சத்தம் போட்டால் கடவுளை விடப் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கோபம் வரும். அன்ரன் கையை இறக்கினான். நான் நிறுத்தினேன். போர்வையை அவனே இடக்கையால் இழுத்து மூடப் பார்த்தான், நான் மற்றப் பக்கத்தைப் பிடித்துவிட்டேன்.

மேலே வந்ததும் மேசையில் கிடந்த பேனையை எடுத்தான். இடக்கையால் போட்ட கையெழுத்து, முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதினது போல் கோணலாய் இருந்தது. றெஜினா பூசையால் வந்து அதைப் பார்த்தாள். அன்ரனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பூட்டுப் போட்டு வண்டி வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. றெஜினா கீழே ஒரு சுற்று ஓடிக் காட்டினாள். அன்ரன் பல்கனியில் இருந்து கேட்டான். அந்தச் சத்தம் வேறு, எனக்கே தெரிந்தது. தன்னை உள்ளே தள்ளச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினான்.

கெவெலாருக்குப் போனது ஒரு சாதாரண கிழமை நாள். கோயில் ஆட்களை ஏற்றி இறக்குகிற யூட் அண்ணை வான் கொண்டுவந்தார், சில்லு நாற்காலியை அப்படியே ஏற்றலாம். றெஜினா முன்னால் போனாள், நாங்கள் பின்னால். பெரிய றோட்டில் லொறிகளுக்கு இடையில் மழைத் தூவானத்துக்குள் அவளுடைய முதுகு காணாமல் போகும், பிறகு தெரியும். யூட் அண்ணை செபமாலை சொல்லிக்கொண்டே ஓடினார். நான் பாதியில் செபத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மச்சாள்" என்றான் அன்ரன். நான் வந்த நாளிலிருந்து என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். திரும்பினேன். அவன் அவளைக் காட்டினான். ஒரு வாகனத்தைத் தாண்டப் போகிறாள், தோளுக்கு மேலால் நன்றாய்த் திரும்பிப் பார்த்தாள், பிறகுதான் எடுத்தாள்.

கோயிலை நான் பெரிதாய் நினைத்திருந்தேன். முற்றத்தின் நடுவில் ஒரு சின்னக் கட்டடம், அதன் வெளிச்சுவர் ஜன்னலுக்குள் என் உள்ளங்கையளவில் ஒரு கடதாசிப் படம். இவ்வளவுதானா மாதா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். தங்கச்சி இதுக்காகவா விழுந்து விழுந்து எழும்பினாள்? றெஜினா ஈரக் கோட்டோடு வந்து அன்ரனின் நாற்காலியைப் படத்துக்கு நேரே திருப்பி வைத்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிப் படத்துக்குக் கீழே வைத்து முழங்காலில் நின்றாள்.

ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிய முன் காவல்காரர் ஒருவர் வந்துவிட்டார். நல்ல மனுசன், பணிவாய்த்தான் பேசினார். பொருட்களை விட்டுவிட்டுப் போகக் கூடாது, தயவுசெய்து எடுங்கள் என்கிறாராம். றெஜினா எழும்பவில்லை. அவர் மழையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். நானும் யூட் அண்ணையும் அன்ரனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏன் பார்த்தோம் என்று வெட்கமாய் இருக்கிறது, ஆனால் பார்த்தோம். சப்பாத்துப் போட்ட இரண்டு கால்களும் மிதிபலகையில் அப்படியே இருந்தன. அன்ரனுக்குக் குளிரத் தொடங்கியது. அவனைத் தள்ளிக்கொண்டு வானுக்குப் போனோம்.

நான் திரும்பி வந்தபோது றெஜினா ஹெல்மெட்டோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருக்கவில்லை, முகம் மட்டும் இறுகியிருந்தது. என்ன மன்றாடினாய் என்று கேட்டேன்.

"ஒண்டும் மன்றாடேல்லை அக்கா. நான் வந்திட்டன், இவர் இன்னும் எழும்பேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."